கேள்வி கேட்காத பரம்பரை

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று என் அய்யா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "கண்ணு ரெண்டையும் மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிருங்க சார். ஏன்னு நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." அய்யா என்று நான் சொல்வது என் அப்பாவை. சாயல்குடிக்கு வடக்கே, மிளகாய்க் காட்டுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் எல்லா அய்யாமார்களும் இதே வசனத்தைத்தான் சொல்வார்கள். சொன்னபடி நடக்கவும் செய்வார்கள். நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை என் அய்யா பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

நானும் அவர் பேரைக் காப்பாற்றினேன். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆசிரியப் பயிற்சியிலும் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. "புரிஞ்சுதா?" என்று யார் கேட்டாலும் "புரிஞ்சுது சார்" என்று முதலில் சொல்வது நான்தான். புரிந்ததா என்பது வேறு விஷயம். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவது பின்னத்தை ஏன் தலைகீழாகப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் தெரியாமல் போனது அப்படியே தங்கிவிட்டது. தலைகீழாகப் போட்டால் விடை வந்தது, விடை வந்தால் மதிப்பெண் வந்தது, மதிப்பெண் வந்ததால் வேலை வந்தது. இப்போது ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது நான்தான்.

கேள்வி கேட்காததை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அடக்கம் என்று நினைத்தேன். அதற்கு அத்தாட்சியாக என்னிடம் ஒரு கையெழுத்து இருந்தது. பயிற்சிப் பள்ளியில் கரும்பலகை எழுத்துப் போட்டியில் பரிசு வாங்கிய கை இது. வாய் செய்யாததையெல்லாம் என் கை செய்யும் என்பது என் எண்ணம்.

இப்படிப்பட்ட என்னைத்தான் பாம்பன் பாலத்தைத் தாண்டி ஒரு கடற்கரை ஊருக்கு மாற்றினார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். முதல் நாள் உள்ளே நுழைந்து, எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் எழுந்து நின்று நான் சொல்லும்வரை நிற்பார்கள் என்று காத்திருந்தேன். எழுந்தார்கள், வணக்கம் வைத்தார்கள், அவர்களாகவே உட்கார்ந்துகொண்டார்கள். உடனே ஆரம்பித்தது.

"சார், எந்த ஊரு?"

"சார், ஒங்க ஊர்ல மழையே பெய்யாதாம்ல, பெறகு எதுக்கு சார் குடை?"

"சார், முன்னால இருந்த சார் ஏன் போயிட்டாக? அடிச்சீகன்னா நாங்க வீட்ல சொல்லிருவோம், பரவால்லயா?"

எனக்குக் காது சிவந்தது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை இப்படிப் பேசினால் அன்று மாலையே அவன் வீட்டார் மன்னிப்புக் கேட்டு வெற்றிலை பாக்கோடு வந்து நிற்பார்கள். இங்கே வீட்டார் வந்தால் அவர்களும் நாலு கேள்வி சேர்த்துக் கேட்பார்கள் போலிருந்தது.

முதல் கணக்கு. படகு மணிக்கு இவ்வளவு வேகத்தில் போகிறது, இவ்வளவு தூரம் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஊருக்கு ஏற்ற கணக்கு என்று நானே பெருமையாகத் தயாரித்துக்கொண்டு போனது. பலகையில் எழுதி முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், காத்து எங்கிட்டு இருந்து அடிக்கி?" இன்னொரு குரல்: "நீவாடு எப்புடி சார்?" நீவாடு என்றால் நீரோட்டமாம். காற்றும் இல்லை, நீரோட்டமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அப்ப அது கடலே இல்லையே சார், கண்மாயில்ல?" என்றாள் கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நான் படகை அழித்துவிட்டு ரயில் என்று எழுதினேன். பாலத்தில் ரயில் மெதுவாகத்தானே போகும் என்று அடுத்த கேள்வி வந்தது.

அந்தக் கடைசி பெஞ்சுக்காரிதான் இந்தக் கதையில் முக்கியமான ஆள். வகுப்பிலேயே உயரம், வகுப்பிலேயே சத்தம். அவள் அம்மா கரையில் மீனை ஏலத்தில் எடுத்து இராமநாதபுரம் சந்தைக்கு அனுப்புகிறவர். மகளுக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்பது அம்மாவின் குரலைக் கேட்டால் தெரியும். எனக்கு அது வாட்ஸப்பில் தெரிந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு குழு வைத்திருந்தோம். எங்கள் பக்கத்துப் பள்ளியில் இருந்தபோதும் இப்படி ஒரு குழு இருந்தது. அதில் நான் எதைப் போட்டாலும் கும்பிடுகிற இரண்டு கை மட்டும் வரிசையாக வந்து விழும். நாளை விடுமுறை என்றாலும் கும்பிடு, உங்கள் மகன் கணக்கில் தேறவில்லை என்றாலும் கும்பிடு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறையும். இந்தக் கடற்கரைக் குழுவில் கும்பிடே கிடையாது. எல்லாம் வாய்ஸ் நோட்டு. பின்னணியில் காற்று இரையும், ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும், நடுவில் ஓர் அம்மா என்னை விசாரித்துக்கொண்டிருப்பார். "சார், பின்னக் கணக்குல எதுக்குத் தலைகீழா போடணும்னு எம்மவ கேட்டாளாம். அது அப்புடித்தான்னு சொன்னீகளாம். அப்புடித்தான்னா எப்புடி சார்?"

அந்த வாய்ஸ் நோட்டை நான் பலமுறை கேட்டேன். பதில் போடவில்லை. பொம்பளைக்கு மரியாதை தெரியவில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். "பதில் தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள் மனைவி. அவளுக்கும் கடற்காற்று பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகள் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. வீட்டுப்பாடம் என்ற ஒன்றை அவர்கள் ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நல்ல மீன்பாடு உள்ள நாளில் பாதி வகுப்பு காலியாக இருக்கும், ஏன் என்று கேட்டால் "மீனு கெடந்துச்சு சார்" என்று எனக்கே தெரியாததுபோல் விளக்குவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒருநாள் தவறாமல் வருவார்கள், வீட்டுப்பாடத்தை அடிக்கோடிட்டு எழுதுவார்கள், ஒன்றும் புரியாமல் போவார்கள். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வகைதான். ஏனென்றால் அது நான்.

ஆகவே இந்த வகுப்பைத் திருத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நல்ல பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதை இவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். என் மகளை அடுத்த ஆண்டு இங்கேயே ஏழாம் வகுப்பில், இதே பிள்ளைகளோடு சேர்த்தேன். அவர்களுக்கு அந்த ஆண்டும் கணக்கு நான்தான்.

என் மகள் எங்கள் பரம்பரையின் சாதனை. மூன்று வயதிலேயே விருந்தாளி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். ஆறாம் வகுப்புவரை எங்கள் ஊர்ப் பக்கம் படித்தாள், எல்லா ஆண்டும் நல்லொழுக்கப் பரிசு. "இவ இருக்குற எடமே தெரியாது" என்று ஆசிரியைகள் சொல்லும்போது நான் பூரித்துப்போவேன். முதல் நாள் அவளுக்குச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். "வகுப்புல நான் அய்யா இல்ல, சார். மத்த பிள்ளைக மாதிரி தொணதொணன்னு கேக்கக்கூடாது. நம்ம பிள்ளைன்னா எப்படி இருக்கும்னு அவங்க பாக்கணும்." அவள் தலையாட்டினாள். உயர வரிசையில் உட்கார வைத்ததில் அவளுக்குக் கடைசி பெஞ்சு விழுந்தது. பக்கத்தில் அந்த ஏலக்காரி மகள்.

மகள் நான் சொன்னபடியே இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். திருந்த வேண்டியவளோ இன்னும் மோசமானாள். முன்பு அவள் கேட்டது பெரும்பாலும் காற்று, கடல் பற்றிய கேள்விகள். இப்போது நான் பலகையில் எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும் கேள்வி.

"சார், அந்த ரெண்டாவது வரி என்ன?"

"சார், அது ஆறா எட்டா?"

"சார், சும்மா எழுதிக்கிட்டே போகாதீக. சத்தமா வாசிச்சுக்கிட்டே எழுதுங்க."

பரிசு வாங்கிய என் கையெழுத்தைப் பார்த்து ஆறா எட்டா என்று கேட்டால் எப்படி இருக்கும்? என் எட்டு எப்படி இருக்கும் தெரியுமா? கோயில் கோலம்போல் இருக்கும். எனக்கு அது நேராக நெஞ்சில் தைத்தது. திட்டினேன். திட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் வாசித்தேன். அவள் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

இதற்கிடையில் என் வீட்டில் ஒரு கவலை முளைத்தது. என் மகளின் வாரத் தேர்வு மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது. காலாண்டுத் தேர்வில், அச்சடித்த வினாத்தாளில், நன்றாக எழுதினாள். ஆனால் நான் பலகையில் எழுதிப்போடும் வாரத் தேர்வில் மட்டும் தடுமாறினாள். இந்த வித்தியாசம் என் கண் முன்னாலேயே கிடந்தது. கணக்கு வாத்தியார் நான், இதைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. "வாத்தியார் பிள்ளை மக்கு" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன், ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் முடிவு தெளிவாக இருந்தது. இது சகவாசம். கடலோரச் சத்தத்தில் பிள்ளையின் கவனம் சிதறுகிறது. மதுரைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வார்டனாக இருந்தார். அவரிடம் பேசினேன். "கொண்டாந்து விடுங்க மாப்ள. இங்க பிள்ளைக மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது" என்றார். அரையாண்டு விடுமுறை முடிந்ததும் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி தலையணையை நனைத்தாளாம். அதுகூட அவள் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அதுவரைக்குமாவது மகளைக் காப்பாற்றலாம் என்று ஒரு காரியம் செய்தேன். ஏலக்காரி மகளைத் தூக்கி முதல் பெஞ்சில், என் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தேன். உயரமானவள் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்குமே என்று ஒரு பையன் சொன்னான். அவனையும் திட்டினேன்.

பிரமாதமான வாரம் அது. முதல் பெஞ்சில் இருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்துபோனதோ என்னவோ, ஆறா எட்டா என்று ஒரு சத்தமில்லை. இடையிடையே திரும்பி என் மகளைப் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். நான் பாட்டுக்கு எழுதினேன், அழித்தேன், எழுதினேன். வகுப்பு என்றால் இது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வாரத் தேர்வு வைத்தேன்.

என் மகளின் தாளைத் திருத்த எடுத்தேன். அவள் எல்லாக் கணக்கையும் போட்டிருந்தாள். வரிவரியாக, அழகாக, என் கையெழுத்தைப் பார்த்து எழுதியதுபோல் எழுதியிருந்தாள். ஆனால் ஒன்றுகூட நான் கொடுத்த கணக்கு இல்லை. நான் கொடுத்த எட்டு அவளிடம் மூன்றாகவும், ஆறு சைபராகவும் இருந்தது. அந்தத் தப்பான எண்களுக்கு அவள் கண்டுபிடித்த விடைகள் எல்லாம் சரி. எனக்குக் கோபம்தான் வந்தது. கவனமே இல்லாமல் எழுதியிருக்கிறாள் என்று சுழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

அன்று மாலை குழுவில் வாய்ஸ் நோட்டு வந்தது. எல்லாப் பெற்றோரும் கேட்கிற குழு.

"சார், எம்மவள எதுக்கு சார் முன்னாடி தூக்கி வச்சீக? வச்சது வச்சீக, அந்தப் புள்ளயவும் சேத்து வச்சிருக்கலாம்ல? அதுக்கு இனி யாரு சத்தம் குடுப்பா? கொஞ்சம் ரோசன பண்ண வேணாமா?"

ஒரு வரியும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: ஊரே கேட்க எனக்கு ஒரு பொம்பளை புத்தி சொல்கிறாள். மறுநாள் சனிக்கிழமை. இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே கரைக்குப் போனேன், நேரில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருவதற்கு. வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்கப் போகிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. நகரை மீனும் ஊளி மீனும் குவியல் குவியலாகக் கிடந்தன. சுற்றிப் பெண்கள். அந்த அம்மா நடுவில் நின்று ஏலக்காரரைக் குடைந்துகொண்டிருந்தார். "அடியில என்ன கெடக்கு? கெளறிக் காட்டும். நேத்து மீன கலந்தீரா?" பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, பேசாமல் நின்றார். தொண்டை கட்டியிருந்தது போலும். அவர் விரலை அசைப்பார், இந்த அம்மா அவருக்காக விலை சொல்வார். பிறகு தனக்காக வேறொரு குவியலுக்குச் சொல்வார். யாரும் அதை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. கூடை ஏறியதும் என்னிடம் வந்தார்.

"வாங்க சார். வருவீகன்னு தெரியும்."

"உங்க மகள் ரொம்ப வாயாடும்மா. வகுப்பு நடத்த முடியலை. அதனாலதான் மாத்தினேன்" என்றேன், முடிந்தவரை முறைப்பாக.

"வாயாடிதான், யாரு இல்லன்னா? ஆனா சார், அந்தச் சத்தம் முழுக்க அவளுக்காகவா போட்டா?"

"பின்னே?"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிமீன் கெட்டுப்போன குவியலைப் பார்க்கிற பார்வை அது.

"ஒங்க மகளுக்குப் போர்டு தெரியல சார். கடைசி பெஞ்சுல இருந்து ஒண்ணுமே தெளிவாத் தெரியலயாம், எல்லாம் பூச்சி பறக்குற மாதிரி இருக்காம். ஒங்கள்ட்டச் சொல்லக்கூடாதுன்னு எம்மவகிட்ட மாதா மேல சத்தியம் வாங்கிருக்கு. அதான் இவ தனக்குத் தெரியாத மாதிரிக் கேப்பா. நீங்க வாசிப்பீக. அது கேட்டு எழுதிக்கிரும். பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து இதான நடக்கு. ஒங்களுக்குத் தெரியாதா?"

ஆறா எட்டா, ஆறா எட்டா என்று அந்தப் பிள்ளையின் குரல் என் காதுக்குள் ஓடியது. அந்த அம்மா நிறுத்தவில்லை.

"வாத்தியாரு மக. வாத்தியாருக்குத் தெரியாம இருக்குமா, என்னமோ வீட்டு விசயம்னு நானும் இருந்துட்டேன். முன்னாடி தூக்கி வச்ச பெறகு, எம்மவ வீட்ல சோத்துத் தட்டத் தள்ளி வச்சுட்டு அழுகா. அந்தப் புள்ள விடுதிக்குப் போகப்போகுதாம்லன்னு." பிறகு குரலைக் கொஞ்சம் தணித்தார். "ஊளித்தலையக் கொழம்பு வச்சு மீன்கண்ண எடுத்துக் குடுங்க சார். ஒரே மாசத்துல பார்வை வந்துரும்." அது வராது என்று சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என்னைவிட அந்த அம்மாவுக்கு அன்று உரிமை அதிகம். ஒரு ஊளித்தலையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார், வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டு வாசற்படியில் மகளை நிறுத்தினேன். எதிர்ச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. அதில் தேதி என் உள்ளங்கை அகலம் இருக்கும். "என்ன தேதி?" என்றேன். அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு காலண்டரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "நேத்து வெள்ளிக்கெழம, அப்ப..." என்று விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தாள். பார்த்துச் சொல்ல முடியாததை அவள் எப்போதும் கணக்குப் போட்டுத்தான் சொல்லிவந்திருக்கிறாள். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா தங்கம் சொல்லல?"

"நீங்கதான அய்யா கேக்கக்கூடாதுன்னு சொன்னீக. நம்ம பிள்ளைன்னா எப்படி இருக்கும்னு அவுக பாக்கணும்னு."

அழுகை வந்தது. அழுதேன். அடக்கமெல்லாம் அன்று எங்கே போனதோ தெரியவில்லை.

"அவகிட்ட மட்டும் சொன்னியா?"

"நான் சொல்லல. அவதான் மொத நாளே கேட்டா, ஏ, ஒனக்குப் போர்டு தெரியலயான்னு. வேற யாரும் கேக்கல."

எங்கள் ஊரில் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது கண் இரண்டையும் விட்டுவிடச் சொல்வார்கள். என் மகள் விஷயத்தில் நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தேன். அவளுடைய உட்காரும் விதம், கை கட்டும் விதம், தலைமுடி, காலணி எல்லாம் பார்த்தேன். கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு இராமநாதபுரத்தில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மருத்துவர் சோதித்தார், சொட்டு மருந்து விட்டார், மறுபடி சோதித்தார், ஏதோ சொன்னார், சீட்டில் எழுதினார். நான் எழுந்து நின்று "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். "இல்லைங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வந்து உட்காரவில்லை, போன் அடித்தது. ஏலக்கார அம்மா.

"என்ன சார் சொன்னாக?"

"கண்ணாடி போடணுமாம்."

"எப்பவும் போடணுமா, படிக்கையில மட்டுமா?"

தெரியவில்லை.

"கூடிக்கிட்டே போகுமா, நின்னுருமா?"

தெரியவில்லை.

"மறுபடி எப்பக் காட்டணும்? வெளையாடலாமா? எதுனால வந்துச்சாம்?"

"அதெல்லாம்... கேக்கலம்மா."

அந்தப் பக்கம் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள போயி பெறகு என்ன சார் செஞ்சீக? கும்புட்டீகளா?" என்றார். பார்த்ததுபோலவே சொன்னார். "போனக் கட் பண்ணாதீக. உள்ள போங்க. நான் சொல்றத வரிசையாக் கேளுங்க."

நாற்பத்தைந்து வயதில், ஒரு மருத்துவர் அறை வாசலில், திருவிழாவில் தொலைந்தவன்போல் நின்றேன். அடுத்த நோயாளி உள்ளே போய்விட்டார். போனது நல்லது என்றுகூடத் தோன்றியது. மகள் என் கையை இழுத்து, "நானும் வாரேன் அய்யா" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனோம். கேட்டேன். போனில் அந்த அம்மா சொல்லச் சொல்ல வரிசையாகக் கேட்டேன். மருத்துவர் கோபப்படவே இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். உட்காருங்கள் என்று நாற்காலியைக்கூடக் காட்டினார். எப்போதும் போட வேண்டும், கொஞ்ச வருடம் கூடலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், தாராளமாக விளையாடலாம். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா இத்தனை வருடம் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

பேருந்தில் வரும்போது விடுதி வார்டனைக் கூப்பிட்டு இடம் வேண்டாம் என்றேன். ஏன் மாப்ள, இவ்வளவு சொல்லி வச்சேனே என்று குறைபட்டுக்கொண்டார். "பிள்ளைக்கு இப்பத்தான் பேச்சு வருது மாமா. இங்கயே இருக்கட்டும்" என்றேன். ஏழாம் வகுப்பில் பேச்சு வரும் பிள்ளையைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, பாவம், அதிர்ந்துபோய் எந்த வைத்தியரிடம் காட்டுகிறீர்கள் என்று விசாரித்தார்.

கண்ணாடி வந்தது. மகள் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். ஏலக்காரி மகளைப் பழையபடி கடைசி பெஞ்சுக்கே அனுப்பியிருந்தேன். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்கள். "சாரு எழுத்து எப்புடி இருக்கு?" என்று இவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே ரகசியம் கேட்டாள். என் மகள் என்ன சொல்வாளோ என்று நான் சாக்பீஸோடு காத்திருந்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். பரிசு வாங்கிய எழுத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"இனி நான் எனக்காகக் கேக்கலாமா சார்?" என்றாள் ஏலக்காரி மகள் எழுந்து. "பின்னத்துல எதுக்கு சார் தலைகீழாப் போடணும்?"

அது அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அம்மாவின் போனில் கேட்ட ஐஸ் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. "எனக்குத் தெரியாது. நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். வகுப்பு என்னை ஏளனமாகப் பார்க்கும் என்று நினைத்தேன். "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டார்கள், ஏதோ நல்ல மீன் நாளைக்கு வரும் என்று சொன்னதுபோல.

அன்று மாலை முழுவதும் படித்தேன். அரை ரொட்டியில் எத்தனை கால் ரொட்டி என்று வரைந்து பார்த்தேன். வீட்டில் இருந்த தோசையை வெட்டிப் பார்த்தேன். நான் ஆறாம் வகுப்பில் கேட்டிருக்க வேண்டியது கடைசியில் என் சமையலறையில் புரிந்தபோது, எழுந்து நின்று யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். தோசைக்கு யார் பதில் சொல்வது என்றாள்.

மறுநாள் வகுப்பில் பலகையை நிறைத்து வட்டம் போட்டேன். பாதியாக்கினேன், காலாக்கினேன். இத்தனை வருடத்தில் முதன்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். அந்த மிதப்பில் பலகையோடு ஒட்டி நின்று, கோலம் போடுவதுபோல் ஓர் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பழக்கமில்லாத குரல், ஆனால் கணீரென்று இருந்தது.

"அய்யா, தள்ளுங்க. மறைக்குது."

என் மகள். சார் என்று சொல்லாமல் அய்யா என்று சொல்லிவிட்டாள் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை அகல விரித்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுவாரா மாட்டாரா என்று மற்ற பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

நான் தள்ளி நின்றேன்.